கட்டிலில் பாதி

ஆனி 2, திங்கள்

இந்த டைரி பொங்கலுக்கு விதைக் கடைக்காரர் கொடுத்தது. இத்தனை மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. அஞ்சாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். மறந்துவிடுமே என்று எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. பிற்பாடு யாராவது அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்தால் மூஞ்சிக்கு நேரே காட்டத்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கு நடந்தது இது. என் மகன் லோகநாதன் காலை முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் என் பக்கத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. மில்லில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவனுக்குப் பொழுது போகவில்லை. பழைய நாற்காலியை, பழைய கதவைப் புதுசாக்குகிற வீடியோவாகச் செல்லில் பார்த்துப் பார்த்து, துளை போட ஒரு மிஷின், மரம் தேய்க்க ஒரு மிஷின் என்று வாங்கி அடுக்கிவிட்டான். ஆள் கூப்பிடவே வேண்டாம், வீட்டை நாமே சரி பண்ணிவிடலாம் என்கிறான்.

"ஏண்டா சாமி, இந்த வயசுல உனக்கு ஆசாரி வேலை?" என்று கேட்டேன்.

"வீடு பளிச்சுன்னு இருக்க வேண்டாமாம்மா? ஆவணில தர்சினிக்குக் கொழந்தை பொறக்குதில்ல?"

தர்சினி என் பேத்தி. பெங்களூரில் வேலை, அங்கேயே மாப்பிள்ளை. தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குத்தானே வர வேண்டும்? அதுதான் இவனுக்கு இந்த வேகம். சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா.

எனக்கு ஒரு உப்புத்தாள் கொடுத்தான். ஸ்டூலின் காலைத் தேய்த்தேன். முட்டி வலி தெரியவே இல்லை.

ஆனி 5, வியாழன்

என் தையல் மிஷினின் இரும்புக் கால் மேல் கல்லைப் போட்டு, அதில் கை கழுவுகிற பேசினைப் பதித்துவிட்டான். தண்ணீர் திறந்தால் கீழே மிதிகட்டை தானாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. அழகுதான். அந்த மிஷினில் தைத்துத்தான் இவனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை போட்டேன் என்று சொன்னேன். "தெரியும்மா, தெரியும்மா" என்றான், ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு.

மருமகள் வசந்தாமணி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "அத்தையோட சாமானையெல்லாம் இப்படிப் பண்றீங்களே, அவங்ககிட்டக் கேட்டீங்களா?" என்றாள்.

நான் என்னவோ கஞ்சத்தனம் பண்ணுகிறவள் மாதிரி. "எம்பட மகன் எடுக்கறதுக்கு உன்றகிட்டக் கேக்கோணுமா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இவள் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், ஒறம்பரை, சொந்தக்காரர் கூட்டம் கூடத்தில் நிறைந்திருக்கும்போது, என் சீர்க் கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று சொன்னவள். மூட்டைப்பூச்சி அவள் வீட்டுப் பாயில் வந்தது.

ஆனி 11, புதன்

அரிசி மூட்டை வந்தது. பெயிண்ட் நெடியில் சோறு இறங்கவில்லை.

ஆனி 15, ஞாயிறு

லோகு டேப்பை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். கட்டிலை நீளமும் அகலமும் பிடித்துப் பார்த்தான்.

"இவ்வளவு அகலம் உனக்கெதுக்கும்மா? மூணடி போதாது?"

இது என் சீர்க் கட்டில். தேக்கு. ஆறடிக்கு அஞ்சடி, தலைமாட்டில் இரண்டு மயில். எங்கள் அப்பா எனக்கென்று செய்து வைத்ததை, அவர் கண் மூடியதும் எங்கண்ணன் ரங்கசாமி அனுப்பாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தான். நான் மாட்டுவண்டியோடு போய் நின்று ஏற்றி வந்தேன். அதன் பிறகு அவனோடு பேசவில்லை. அவன் எழவுக்குப் போனேன், அழவில்லை.

அப்படிப்பட்ட கட்டிலை எப்படி அறுப்பது? முடியாது என்றுதான் சொன்னேன். லோகு கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே, "இதுல பாதி மரம் மிஞ்சும். அருமையான தொட்டில் ஒண்ணு பண்ணிப்போடலாம்மா" என்றான்.

அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். என் அப்பா கொடுத்த மரத்தில் என் பேத்தியின் குழந்தை படுத்து ஆடுமா? அறுத்துக்கோ என்றேன்.

வசந்தாமணி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஓடி வந்தாள். "பொறக்கறதுக்கு முந்தியே தொட்டில் செய்யக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்லுவீங்க அத்தை? வேண்டாமுங்க. கட்டில் கட்டிலாவே இருக்கட்டும்."

"பழைய மரம்தான? புதுசா வாங்குனாத்தான் ஆகாது" என்றேன். அவள் லோகுவைப் பார்த்தாள். அவன் டேப்பைச் சுருட்டினான். பொறாமை. அவள் வீட்டிலிருந்து வந்த கட்டில் இரும்புக் கட்டில், அதை அறுத்துத் தொட்டில் செய்ய முடியாது.

ஆனி 19, வியாழன்

அறுத்தாயிற்று. முதல் ரம்பம் விழுந்தபோது வெளியே போய் நின்றுகொண்டேன். பிறகு உள்ளே வந்துவிட்டேன்.

மயில்கள் இரண்டையும் தொட்டிலின் தலைமாட்டுக்கே வைக்கச் சொன்னேன். எனக்கு எதற்கு மயில்? அவன் மிஷினால் பெரிய பலகையைத் தேய்த்தான். மயிலின் கொண்டை, இறகு இடுக்கெல்லாம் மிஷின் போகாது, நான் உப்புத்தாளைச் சுருட்டி விரலால் தேய்த்தேன். பழைய வார்னிஷ் போகப் போக உள்ளேயிருந்து தேன் நிறத்தில் மரம் வந்தது. இரண்டு பேர் மேலும் மரத்தூள். தூள் படிந்து அவன் தலை முழுக்க நரைத்த மாதிரி இருந்தது, அவன் அப்பாவை அப்படியே உரித்து வைத்த மாதிரி.

"அம்மா, உன் கை நெம்ப சுத்தம். நீ ஆசாரியாப் பொறந்திருக்கோணும்" என்றான்.

"நா ஆசாரியாப் பொறந்திருந்தா உன்னையப் பெத்திருக்க மாட்டேன்."

சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூள் விழுந்துவிட்டதாம். இப்படி ஒரு நாள் எனக்கு எத்தனையோ வருஷமாக வாய்க்கவில்லை.

ஆனி 27, வெள்ளி

கூடம் வெள்ளை, சமையல்கட்டு இளமஞ்சள், தர்சினிக்கு ஒதுக்கிய அறை பச்சை. பின்பக்கப் பழைய கதவு சாப்பாட்டு மேசையாகிவிட்டது. பால் கேன்கள் மேல் மெத்தை வைத்து உட்காருகிற ஸ்டூல்.

என் அறைக்கு மட்டும் பெயிண்ட் இல்லை. அதே பழைய நீலம், அதே விரிசல்.

"எப்படா என் ரூமு?" என்று கேட்டேன்.

"உனக்கு நெடி ஆகாதும்மா. அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். அக்கறைதான். ஆனால் இதில் வசந்தாமணியின் கை இருக்கும். கிழவிக்கு எதற்கு என்று ஓதியிருப்பாள்.

பெங்களூரில் தர்சினிக்கு வளைகாப்பு முடிந்து நாளாகிவிட்டது. முட்டி வலியால் நான் போகவில்லை. வளைகாப்பு முடிந்தால் கையோடு கூட்டி வருவதுதான் முறை. டாக்டர் இப்போது வேண்டாம் என்கிறாராம். ஒன்பதாம் மாதத்தில் மட்டும் பஸ்ஸில் ரயிலில் வரலாமா? கேட்டால் வசந்தாமணி குனிந்து வெங்காயம் அரிகிறாள். பெற்றவளுக்கே அக்கறை இல்லை.

ஆடி 3, சனி

வீட்டைப் பார்க்க ஆள் வந்தார்கள். மூன்று பேர், ஒருவன் கையில் பெரிய கேமரா. லோகுவின் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்களாம். நான்தான் சுற்றிக் காட்டினேன். இது என் தையல் மிஷின், இது எங்கள் பழைய கதவு, இந்த மயில் நான் தேய்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள். என்னை நகரச் சொல்லிவிட்டுப் பிடித்தார்கள்.

அதில் ஒரு ஆள் வேடிக்கையான ஆள். கக்கூஸுக்குள் போய்த் தண்ணீர் இழுத்து விட்டுப் பார்த்தார். மோட்டார் எத்தனை நேரம் ஓடும், போர் தண்ணீர் கோடையில் வருமா என்றெல்லாம் கேட்டார். மேசை, நாற்காலி வேலையைப் பார்க்க வந்தவருக்கு அது எதற்கு? போகும்போது, "ஆடி போயிடட்டுங்க சார். ஆடில நாங்க எதும் பண்றதில்லீங்க" என்றார். நல்ல குடும்பத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

வசந்தாமணி வெளியிலேயே வரவில்லை. வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் சமையல்கட்டில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். என் மகன் நாலு பேரிடம் நல்ல பேர் வாங்கினால் இவளுக்குப் பொறுக்காது.

ஆடி 9, வெள்ளி

மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். தூங்கவில்லை. கூடத்தில் அவள் குரல்.

"நீங்க சொல்றீங்களா, இல்ல நானே சொல்லட்டுங்களா?"

"ஆடி போகட்டும் வசந்தா."

"போன மாசமும் இப்படித்தான் சொன்னீங்க. அவங்க மூஞ்சியப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

நன்றாக இருக்கிறது. என் மூஞ்சியைப் பார்த்தால் இவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். என் மகன் பாவம், எனக்காகப் பேசாமல் இருந்து சமாளிக்கிறான். இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். தர்சினி போன் பண்ணினாள்.

"அப்பத்தா, தொட்டில் போட்டோ அப்பா அனுப்புனாரு. மயிலு சூப்பரா இருக்குது."

"எப்ப வர்ற கண்ணு? உன்ற ரூமு பச்சை."

"அப்பத்தா..." என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் மாப்பிள்ளை வாங்கி, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். மாசமான பெண்கள் சும்மாவே அழுவார்கள்.

ஆடி 28, புதன்

வசந்தாமணி என் சேலை, பாவாடை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு மூலைக்கு மூலை சிவப்பு நூலில் "தெ" என்று தைத்திருக்கிறாள். தெய்வாத்தாளுக்குத் "தெ". அவளுடைய துணியோடு என் துணி கலந்துவிடக் கூடாதாம். இத்தனை வருஷம் ஒரே கொடியில் காய்ந்தது, இப்போது தீட்டாகிவிட்டது. கேட்டால் நூலைப் பல்லால் கடிக்கிறாள்.

லோகு என்னை ஆவணி அஞ்சாம் தேதி கோயிலுக்குக் கூட்டிப் போகிறானாம். காரிலேயே. நான் கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னான்.

ஆவணி 4, புதன்

வரிசையாக எழுதுகிறேன். ஒன்றும் விடவில்லை.

காலையில் டெம்போ வந்தது. தொட்டிலைப் பெங்களூருக்கு அனுப்புவதாக லோகு நேற்றுத்தான் சொன்னான். இங்கே வருகிறவளுக்கு அங்கே எதற்குத் தொட்டில் என்று கேட்டதற்கு, "அங்கயும் ஒண்ணு வேணுமில்லம்மா" என்றான். சரி, மாப்பிள்ளை வீட்டில் பார்க்கட்டும் என்று விட்டேன். டிரைவர் என் அறைக்குள் வந்து கட்டிலையும் தூக்கினான்.

"அது எங்கடா போகுது? அது என்ற கட்டிலு" என்றேன்.

"ரெண்டும் ஒரே வண்டிதானுங்க பாட்டிம்மா. கட்டில் முன்னாடியே எறங்கிக்கும், அவிநாசி தாண்டி ஹோம்ல. தொட்டிலுத்தான் பெங்களூரு போகோணும். அதான் தொட்டில உள்ளுக்குத் தள்ளி வெச்சறலாமுன்னு."

"எந்த ஹோமு?"

"வயசானவங்க ஹோமுங்க. ஏனுங்க, நீங்கதான..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலைக் கீழே வைத்தான்.

பின்பக்கம் போனேன். லோகு மர ஸ்டூல் முன்னால் உட்கார்ந்திருந்தான். "லோகு, எந்த ஹோமுடா?" என்று கேட்டேன். அவன் தேய்க்கிற மிஷினைப் போட்டான். மறுபடி கேட்டேன். மிஷின் சத்தம். மிஷினுக்கு அடியில் பலகை ஒன்றும் இல்லை. சும்மா காற்றில் பிடித்துக்கொண்டிருந்தான்.

வசந்தாமணி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். "சொல்லுங்க" என்றாள். அவன் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள், நின்ற இடத்திலேயே, என் முகத்தைப் பார்த்து.

"தர்சினி இங்க வர்லீங்க அத்தை. நாங்க ரெண்டு பேரும் அங்க போறமுங்க, கொழந்தையப் பாத்துக்க. அங்க ரெண்டே ரூமு. இந்த வீட்ட ஒரு கம்பெனிக்காரங்களுக்குக் கெஸ்ட் ஹவுஸுக்குப் பேசிப்போட்டாரு. பழைய சாமான் வெச்ச வீடுன்னா அவுங்களுக்குப் புடிக்குதாமா. நாளைக்குப் பால் காச்ச வர்றாங்க. அந்நேரத்துக்குக் கோயிலுக்குன்னு உங்களைக் கூட்டிட்டுப் போயி... அந்த ஹோமுல..."



லோகு தலையைத் தூக்காமல் பேசினான். "அங்க ஒரு ஆளுக்கு மூணடிக் கட்டிலுத்தாம்மா விடுவாங்க. உனக்குப் பழகுன கட்டிலே இருக்கட்டும்னுதான்... உனக்காகத்தாம்மா அறுத்தேன்."

நான் அழவில்லை. சேலை மூலையில் தைத்த "தெ" அந்த ஹோமில் என் துணி மாறிப் போகாமல் இருக்கத்தான். என் கட்டிலில் பாதி பெங்களூருக்கு, பாதி அவிநாசிக்கு. இந்த வீட்டில் இருக்கப் போவது எதுவும் இல்லை. அதற்கு நானே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டிருக்கிறேன்.

"வீடு யார் பேருல இருக்குது?" என்று கேட்டேன்.

அவன் மிஷின் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

"உங்கப்பன் எதுக்கு எம்பேருல எழுதுனாருன்னு இன்னைக்குத்தாண்டா எனக்குத் தெரியுது."

டிரைவரைக் கூப்பிட்டேன். கட்டிலை என் அறையிலேயே போடச் சொன்னேன். தொட்டில் போகட்டும். அந்தக் குழந்தை எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஆவணி 5, வியாழன்

முகூர்த்தத்துக்குக் கம்பெனிக்காரர் வந்துவிட்டார், கக்கூஸில் தண்ணீர் இழுத்துப் பார்த்த அதே ஆள். கையில் பால் பாக்கெட், தேங்காய், புது ஈயப் பாத்திரம். லோகு முன்னறையில் இருந்துகொண்டே வெளியே வரவில்லை. நான்தான் வாசலுக்குப் போனேன்.

"வாங்க. உங்களுக்கு இந்த வீடு இல்லீங்க" என்றேன்.

"பாட்டி, வீடு காலியாயிரும்னு சார் சொன்னாருங்களே..."

"நா நிக்கிறன்ல? காலியாவா தெரியுது?"

மனுஷன் திணறிப் போனார். பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். "எங்களுக்கு இப்படின்னு தெரியாதுங்க பாட்டி. தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டமுங்க" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. நேற்று வரைக்கும் எந்த முகம் பொய் சொல்கிற முகம் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வரவில்லை. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். பால் கேன் ஸ்டூலில் உட்கார்ந்து குடித்தார். "நல்ல வேலைப்பாடுங்க" என்றார், என்ன பேசுவது என்று தெரியாமல்.

"ஆமாங்க. நெம்ப நல்லாச் செஞ்சான்" என்றேன்.

ஆவணி 6, வெள்ளி

லோகு காலையில் ஒரு வார்த்தை சொன்னான். "தர்சினி இங்க வருவான்னு நா எப்பம்மா சொன்னேன்?"

எனக்குத்தான் எதுவும் மறக்காதே. மதியம் வரை உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சாக எடுத்துப் பார்த்தேன். சொல்லவில்லைதான். கொழந்தை பொறக்குது என்றான், தொட்டில் பண்ணலாம் என்றான், நெடி ஆகாது என்றான். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. பேச்சையும் மரத்தைப் போலவே தேய்த்துத் தேய்த்துக் கொடுத்திருக்கிறான். பொய்யே சொல்லாமல் ஏமாற்ற முடியும் என்று எழுபத்தி நாலு வயசில் தெரிந்துகொண்டேன். ரங்கசாமிகூட நேருக்கு நேர் நின்று தர மாட்டேன் என்றுதான் சொன்னான்.

ஆவணி 8, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். தர்சினிக்கு நாள் நெருங்கிவிட்டது, போகாமல் இருக்க முடியாது. போக வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பெற்றவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

லோகு காலில் விழுந்தான். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை, கையையும் நீட்டவில்லை. "மாசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கறேம்மா" என்றான். மிஷின்களை எல்லாம் மூட்டை கட்டி இங்கேயே வைத்துவிட்டுப் போகிறான். அங்கே சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம்.

வசந்தாமணி இட்லி மாவு ஆட்டி ஃபிரிஜ்ஜில் வைத்திருக்கிறாள். மாத்திரையைக் காலை, மதியம், ராத்திரி என்று தனித்தனி டப்பாவில் போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு நாகமணியிடம் பால் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள். காரில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

"நா முதல்லயே சொல்லியிருக்கோணுமுங்க அத்தை. உங்க மகன் சொல்லாம நாஞ் சொன்னா, நாந்தான் உங்களைத் தொரத்தறேன்னு நெனைப்பீங்கன்னு பயந்துட்டேனுங்க."

நினைத்திருப்பேன். அதில் அவள் சொன்னது சரி. மூட்டைப்பூச்சி விஷயம் வேறு, அது அப்படியே இருக்கிறது.

ஆவணி 11, புதன்

வீடு ரொம்ப அழகாக இருக்கிறது. எந்த ஸ்டூலில் உட்காருவது என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மூன்றடிக் கட்டிலில் புரண்டால் விழுந்துவிடுவேனோ என்று சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன்.

ஆவணி 13, வெள்ளி

லோகு காலையில் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மதியம் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

ஆவணி 17, செவ்வாய்

வசந்தாமணியின் நம்பரிலிருந்து வந்தது. எடுத்தேன்.

"பொண்ணுங்க அத்தை! காலைல ஆறரைக்குப் பொறந்துதுங்க. சொகப்பிரசவம். தர்சினி நல்லா இருக்கறா. உங்க நெறமுங்க. மூக்கும் உங்க மூக்குத்தான்."

"மூக்கு மட்டும் போதும். வாய் உன்றதா இருக்கட்டும், கொஞ்சம் லேட்டானாலும் பேசும்" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

குளிப்பாட்டுகிறபோது தலையை எப்படிப் பிடிக்க வேண்டும், பேறுகால மருந்தில் எவ்வளவு சுக்கு என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள். பின்னால் ஒரு ஆஸ்பத்திரிச் சத்தம், அதற்குள் அவன் குரல். "அம்மாகிட்டக் குடு வசந்தா. ஒரு நிமிசம் குடு."

"அவரு பக்கத்துல நிக்கறாருங்க" என்றாள். "குடுக்கட்டுங்களா அத்தை?"

"ராத்திரியெல்லாம் நின்னிருப்பியே, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

இன்னும் இல்லை என்றாள்.

"முதல்ல போயி சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.